ஆமென் சொல்லாமல் இறங்கிய ஞாயிறு

என் அன்பு மகள் நட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவருடைய இரக்கத்தில் இந்த வீட்டில் இரண்டு பேரும் சுகமாக இருக்கிறோம், உன் அம்மாவின் வலது முட்டி மட்டும் யார் சொல்லும் கேட்காமல் தனி வழியில் போகிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, காயம் இல்லாத கைகால்களோடு இருக்க வேண்டும் என்றுதான் தினமும் இங்கே கேட்டுக்கொண்டிருக்கிறோம். நீ அனுப்பிய படம் வந்தது. மஞ்சள் ஹெல்மெட்டும் இடுப்பில் பாதுகாப்புக் கயிறுமாக லிஃப்ட் கூண்டின் தலைமேல் நிற்கிறாயே, அதைப் பெரிதாக அச்சடித்து, கூடத்தில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி மாட்டியிருக்கிறேன். பெண் பிள்ளைக்கு லிஃப்ட் குழிக்குள் என்ன வேலை, அப்பனுக்கும் மகளுக்கும் சேர்த்து நட்டு கழன்றுவிட்டதா என்று அன்றைக்குக் கேட்டவர்கள் எல்லாரும் இன்றைக்கு அந்தப் படத்துக்கு எதிரில் உட்கார்ந்துதான் காபி குடிக்கிறார்கள். யார் வந்தாலும் உன் அம்மா உனக்கு நட்டு என்று பேர் வந்த கதையைத் தொடங்கிவிடுகிறாள், பல் முளைக்கிற வயதில் நீ என் கருவிப் பெட்டியிலிருந்து ஒரு நட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டதையும், நான் உன்னைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கியதையும் நடித்தே காட்டுகிறாள்.

நான்கு மாதமாக நான் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. போனிலும் "அம்மாகிட்ட பேசு" என்று கொடுத்துவிட்டு எழுந்து போனேன். ஏன் என்று நீ கேட்கவில்லை, உனக்கே தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை உனக்கு அவசரப் பணி விழுகிறது, அன்றைக்கு ஆலயத்துக்குப் போக முடிவதில்லை என்று நீ எழுதியிருந்தாய். கர்த்தருடைய நாளை விற்றுச் சம்பாதிக்கிற வேலை நமக்கு வேண்டாம், முறையை மாற்றித் தரச் சொல்லு, இல்லாவிட்டால் வேறு கம்பெனி பார் என்று நான் பதில் எழுதினேன். அதற்கு நீ எழுதிய பதில் எனக்கு மனப்பாடம். "அப்பா, குழிக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி மெயின் சுவிட்சை அணைச்சுப் பூட்டுன்னு நீங்க ஆயிரம் தடவை சொல்லிக்கொடுத்தீங்க. அந்த விதி சுவிட்சுக்காகவா, எனக்காகவா? அப்போ ஞாயிற்றுக்கிழமை யாருக்காக?" இவ்வளவுதான். நெருப்பை மிதித்த மாதிரி இருந்தது எனக்கு. என்னிடமே தொழில் கற்றுக்கொண்டு எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று கோபம். அந்தக் காகிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், இங்கே ஒரு காரியம் நடந்துபோயிற்று, அதை உன் அம்மா போனில் தன் பங்குக்குச் சொல்லியிருப்பாள், அவள் சொல்வதில் அவளே கதாநாயகி, அது நியாயமும்கூட, ஆனால் என் வாயால் நீ கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

சபையில் நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினாறு வருடமாக மூப்பன். முதல் பாட்டு முடிந்ததும் கதவைச் சாத்த வேண்டும், பிந்தி வருகிறவர்கள் பிரசங்கமும் பொது ஜெபமும் முடியும்வரை வெளியே நிற்க வேண்டும் என்ற விதி என்னுடையது. "ஆராதனை நடக்கிறது, காத்திருக்கவும்" என்று கதவில் இருக்கிற போர்டு என் கையெழுத்து. போன்களையெல்லாம் வாசலில் உள்ள மரப்பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே வர வேண்டும் என்பதும் நான் கொண்டுவந்ததுதான், பெட்டியைச் செய்ததும் நான்தான். திருவிருந்தில் அப்பம் வாங்கக்கூடியவர்களின் பட்டியலும் என்னிடம்தான் இருந்தது. யார் பேர் இருக்கலாம், யார் பேரை நீக்க வேண்டும் என்று குழு முடிவு செய்யும், நான் கோடு போடுவேன். நம் பேக்கரிக்காரரை உனக்கு மறந்திருக்காது, கேக்கின் ஓரங்களை வெட்டிக் காகிதத்தில் சுற்றி உன் கையில் கொடுப்பாரே, அவரேதான். என் கல்யாணத்துக்குக் கேக் செய்தவர், பாடகர் குழுவில் பன்னிரண்டு வருடம் என் தோளை ஒட்டி நின்று பாடியவர். மருத்துவமனையில் இராத்திரி வேலை முடித்து வருகிறவர்களுக்கு ரொட்டி வேண்டுமென்று அவர் ஞாயிறு காலையிலும் கடையைத் திறந்தார். மூன்று தடவை சொல்லிப் பார்த்தோம். பிறகு அவர் பேரை நீக்கக் குழு தீர்மானம் போட்டது, அதன் வாசகத்தை எழுதியவனும் நான்தான். எட்டு வருடத்துக்கு முன்னால் அந்தத் தீர்மானக் கடிதத்தைக் கொண்டுபோய் நானே கொடுத்தேன். அவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். "மேசை மேல வை, கையெல்லாம் மாவு" என்றார். வைத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு அவர் ஆலயத்துக்கு வரவில்லை, நானும் அந்தக் கடைக்குப் போகவில்லை. நுரையீரல் கெட்டுக் கடையை மூடிவிட்டார், ஆக்சிஜன் இல்லாமல் இருக்க முடியாது, ஆலயத்துக்கு எதிர்ப்பக்கம் உள்ள ஆறு மாடிக் கட்டிடத்தில் ஐந்தாவது மாடிக்குக் குடிவந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டதோடு சரி. தெருவைத் தாண்டினால் அவர் வீடு, நான் தாண்டவில்லை.

ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு. அன்றைக்குப் பொது ஜெபம் என் முறை. ஜெபக் குறிப்புகளை வரிசையாக எழுதிக்கொண்டு மைக் முன்னால் நின்று கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். அதே நேரத்தில் எதிர்க் கட்டிடத்து லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுபோயிருக்கிறது. உள்ளே பேக்கரிக்காரர், சக்கர நாற்காலியில். கூட அவர் மனைவி. மடியில் இருந்தது வெளியே போக எடுத்துப்போகிற சின்ன சிலிண்டர், முள் சிவப்புக்கு வந்துவிட்டது. அந்த லிஃப்டைப் பராமரிக்கிறது இப்போது வேறு கம்பெனி, அவர்களுடைய மெக்கானிக் ஊரின் மறுகோடியில், வர ஒன்றரை மணி நேரமாகும் என்றானாம். தீயணைப்பு வண்டிக்கும் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் யாரோ, பழைய லிஃப்ட் மெக்கானிக் எதிரில் ஆலயத்தில்தானே இருப்பார் என்று சொல்ல, அந்தக் கட்டிடத்து வாட்ச்மேன் ஓடி வந்திருக்கிறார். வாசலில் நம் கணக்கு வாத்தியார் நின்றிருந்தார், அவரும் மூப்பர், அன்றைக்குக் கதவு அவர் பொறுப்பு. வாட்ச்மேன் வாயைத் திறப்பதற்குள் உதட்டில் விரலை வைத்துப் போர்டைக் காட்டியிருக்கிறார். அந்த மனுஷனும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மற்றவர்கள் ஆலயத்தில் எப்படி நடந்துகொள்வதென்று அவருக்கு என்ன தெரியும், நிற்கச் சொன்னார்கள், நின்றார். எவ்வளவு நேரம் தெரியுமா, இருபது நிமிடம்.

உன் அம்மா முட்டி வலிக்காக ஜன்னலோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஜெபத்தில் கண்ணைத் திறக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு, அதற்காக எத்தனை தடவை கண்டித்திருக்கிறேன். அன்றைக்கும் திறந்திருக்கிறாள். வெளியே ஒரு ஆள் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நடந்த இடத்திலேயே நடப்பதைப் பார்த்து, பக்கக் கதவு வழியாகப் போய்க் கேட்டிருக்கிறாள். நான் குறிப்பில் ஆபத்தில் இருக்கிறவர்களுக்காக என்ற வரிக்கு வந்திருந்தேன். யாரோ என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். கண்ணைத் திறந்தால் உன் அம்மா, நடுவழியாக எல்லார் முன்னாலும் நடந்து வந்து மேடைக்கே ஏறி நிற்கிறாள். "எதிர்க் கட்டிடத்து லிஃப்ட்ல பேக்கரி அண்ணன் மாட்டிக்கிட்டார், ஆக்சிஜன் தீரப்போகுது, இறங்கி வாங்க" என்றாள். நான் குரலைத் தாழ்த்தி, "ஜெபம் முடியட்டும்" என்றேன். ஆம் மகளே, அப்படித்தான் சொன்னேன், உன்னிடம் மறைக்கமாட்டேன். அவள், "ஜெபம் காத்திருக்கும்ங்க, மூச்சு காத்திருக்காது" என்றாள். மைக் அணைக்கப்படவில்லை. நான் சொன்னதும் அவள் சொன்னதும் சபை முழுவதற்கும் கேட்டது, கடைசி பெஞ்சில் இருந்தவர்கள் வரைக்கும். காது மடல் இரண்டும் எரிந்தன. கையில் இருந்த காகிதத்தை அப்படியே வைத்துவிட்டு, ஆமென்கூடச் சொல்லாமல் இறங்கினேன். போகிற போக்கில் மரப்பெட்டியிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது தவறிய அழைப்புகள். "பேக்கரி" என்று எப்போதோ நான் சேமித்து வைத்த எண், எட்டு வருடமாக ஒலிக்காத எண், லிஃப்டுக்குள்ளிருந்து அவர் மனைவி ஒன்பது தடவை கூப்பிட்டிருக்கிறார். நான் செய்த பெட்டி நன்றாகச் செய்த பெட்டி, சத்தம் ஒரு துளி வெளியே வரவில்லை.

மெஷின் ரூம் மொட்டை மாடியில். ஏறிக்கொண்டே அந்த வேறு கம்பெனி ஆளுக்குப் போன் செய்து அனுமதி கேட்டேன், அவர்கள் ஒப்பந்தத்தில் உள்ள லிஃப்டை நான் கேட்காமல் தொடக்கூடாதே. "ஐயா, நான் வந்து சேர்றதுக்குள்ள என்னவும் ஆகலாம், தயவுசெஞ்சு செய்யுங்க" என்று அந்த ஆள் கெஞ்சினான். லிஃப்ட் கதவை வெளியிலிருந்து திறக்கிற மூன்று மூலைச் சாவி எப்போதும் போல என் சாவிக்கொத்தில் இருந்தது. அதைக் கழற்றி வாட்ச்மேனிடம் கொடுத்து எப்படித் திருப்புவது என்று காட்டி, நான்காவது மாடிக் கதவருகே நிற்கவும், நான் மேலிருந்து சொல்லும்வரை சாவியைப் போடக்கூடாது என்றும் சொன்னேன். உள்ளே இரண்டே பேர், கயிற்றின் மறுமுனையில் தொங்குகிற எதிர் எடைதான் கனம், மேலே ஏற்றுவதுதான் சுலபம் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்ற ஒருவர், பிரேக்கை விடுவிக்கிற பிடியை அழுத்த ஒருவர் வேண்டுமே, இரண்டாவது ஆளுக்கு எங்கே போவேன் என்று திரும்பினால் உன் அம்மா பின்னாலேயே நிற்கிறாள். அந்த முட்டியோடு ஆறு மாடியும் அதற்கு மேல் ஒரு இரும்பு ஏணியும் ஏறி வந்திருக்கிறாள், வருகிற வழியில் பேக்கரிக்காரர் வீட்டிலிருந்து பெரிய சிலிண்டரை எடுத்து நான்காவது மாடியில் வைக்கச் சொல்லி ஆளையும் ஏவிவிட்டு வந்திருக்கிறாள், எனக்கு அது தோன்றவேயில்லை. மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டினேன். இரும்புப் பிடியை அவள் கையில் கொடுத்து, "இதை அழுத்தினா பிரேக் விடும், கையை எடுத்தா பிரேக் பிடிச்சுக்கும், நான் அழுத்துன்னா அழுத்து, விடுன்னா அந்த நிமிஷமே விட்டுடு" என்றேன். "முப்பது வருஷமா நீங்க சொன்னதைத்தானே கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள். அந்த நேரத்திலும் அவளுக்கு வாய்.

அழுத்து, விடு, அழுத்து, விடு என்று சொல்லிச் சொல்லிச் சக்கரத்தைச் சுற்றினேன். விரற்கடை விரற்கடையாகக் கூண்டு ஏறியது. நம் கம்பெனியிடம் அந்தக் கட்டிடம் இருந்த காலத்தில் கூண்டு எந்த மாடிக்கு நேராக நிற்கிறது என்று காட்ட நான் கயிற்றில் மாடிக்கு மாடி பூசிய மஞ்சள் கோடு மங்கியிருந்தாலும் தெரிந்தது. உன் அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன, ஜெபிக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு கேட்டால், நான் எத்தனை சுற்றுச் சுற்றினேன் என்று எண்ணிக்கொண்டிருந்தாளாம், "எண்ணவும் எண்ணினேன், ஜெபமும் பண்ணினேன், எனக்கு ரெண்டும் ஒண்ணாவே வரும்" என்கிறாள். கோடு நேரானதும் விடு என்று கத்தினேன், பிரேக் கவ்வியது. கீழே குரல் கொடுத்துவிட்டு இரண்டிரண்டு படியாக இறங்கினேன், இந்த வயதில். கதவு திறந்திருந்தது. அவர் உதடு நீலம் பாரித்திருந்தது, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, அவர் மனைவி அவர் முகத்தைத் தன் கையில் ஏந்திப் பிடித்திருந்தார். பெரிய சிலிண்டரின் குழாயை மாட்டினோம். நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கியது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், என் இரண்டு கைகளிலும் இருந்த கிரீஸைப் பார்த்தார், மூச்சைச் சேர்த்துச் சேர்த்து, "மெக்கானிக்கு... இன்னைக்கு ஞாயித்துக்கிழமை ஆச்சே... வேலை செய்யலாமா?" என்றார். அவர் மனைவி சிரித்துவிட்டார், வாட்ச்மேனும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தீயணைப்பு வண்டியின் மணி அப்போதுதான் தெருமுனையில் கேட்டது.

அன்று மதியம் இழுப்பறையைத் திறந்து உன் பழைய கடிதத்தை எடுத்தேன், இரண்டாவதாக வந்ததை அல்ல, முதலில் வந்ததை. அதில் நான் ஒரே ஒரு சொல்லைத்தான் படித்திருந்தேன், ஞாயிற்றுக்கிழமை. மீதியை என் கோபம் படிக்கவிடவில்லை. அந்த ஞாயிறு நீ என்ன செய்தாய் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாயே மகளே, பிரசவ வலியோடு ஒரு பெண் மருத்துவமனை லிஃப்டில் மாட்டிக்கொண்டதையும், நீ கூண்டின் மேல் இறங்கி, மேல் திறப்பு வழியாகக் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்ததையும், உன் கூட வேலை செய்கிறவர் சக்கரத்தைச் சுற்றியதையும், கதவு திறந்த பிறகும் அவள் உன் கையை விடாததையும், "அப்பா, உங்களை நினைச்சுக்கிட்டேன், அன்னைக்கு ஆலயத்துக்குப் போன மாதிரியே இருந்துச்சு" என்று நீ முடித்திருந்ததையும் நான் ஏறக்குறைய மூன்று மாதம் கழித்துத்தான் படித்தேன். உன் அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பாதியில் அவள் வாங்கி மீதியை வாசித்தாள். ஒரு பெண்ணுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், அந்தப் பெண் அதைக் கொண்டு என்ன செய்கிறாள் என்று பார்க்கத் தெரியாத குருடனாக இருந்திருக்கிறேன். அப்பாவை மன்னித்துவிடு. இதை எழுத எனக்கு ஆறு வாரம் ஆனது, பேக்கரிக்காரரோடு பேசாத எட்டு வருடத்துக்கு இது பரவாயில்லை என்று வைத்துக்கொள்.

மறுநாள் சாயங்காலம் தெருவைத் தாண்டினேன். சொல்ல வேண்டியதை வீட்டிலேயே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன், கதவு திறந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. நீங்கள் இருவரும் அந்த நேரத்தில் எங்கே புறப்பட்டீர்கள் என்று கேட்டேன். அவர் மனைவிதான் சொன்னார், ஒவ்வொரு ஞாயிறும் கீழே இறங்கி வாசல் கூடத்தில் உட்காருவார்களாம், அங்கேயிருந்தால் ஆலயத்தில் பாடுவது தெளிவாகக் கேட்குமாம், இவர் சின்னக் குரலில் தன் பங்கைப் பாடுவாராம், மூச்சு போதாவிட்டால் விரலால் நாற்காலியில் தாளம் போடுவாராம். இரண்டு வருடமாக. நான் உள்ளே நின்று பாடிக்கொண்டிருந்தேன், அவர் வெளியே உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார், நடுவில் நான் எழுதிய போர்டு. மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. "எட்டு வருஷம் கழிச்சு வந்திருக்க. லிஃப்ட் ஒழுங்கா ஓடியிருந்தா இன்னும் எட்டு வருஷம் ஆயிருக்கும், இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். "அன்னைக்கு நீயா வந்தியா, இல்ல வேற வழியில்லாம வந்தியா?" என்று கேட்டார். "வீட்டுக்காரி இழுத்துக்கிட்டு வந்தா" என்றேன். அவர் சிரிக்கத் தொடங்கியது இருமலில் போய் முடிந்தது, அவர் மனைவி என்னை முறைத்தார். பட்டியலில் உங்கள் பேரை மறுபடி சேர்க்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன் என்றேன். அதற்கு அவர், "சேர்த்துக்கோ, இல்ல சேர்க்காம போ. பட்டியல் உன்கிட்ட இருந்துச்சு, ஆண்டவர் என்கிட்ட இருந்தார். விடியகாலை அடுப்பு மூட்டறப்போ பேச ஆரம்பிச்சா ரொட்டி வேகற வரைக்கும் பேசுவோம். அந்த ரொட்டியை வாங்கிக்கிட்டுப் போன நர்சுங்க யாரும் ஞாயித்துக்கிழமைன்னு பசியை நிறுத்தி வைக்கலையே" என்றார். ஓய்வுநாளில் குழியில் விழுந்த மாட்டைத் தூக்கமாட்டீர்களா என்று ஆண்டவர் கேட்ட கேள்வியை நான் எத்தனை தடவை ஆலயத்தில் வாசித்திருக்கிறேன், நாற்பது வருடம் குழியிலேயே வேலை பார்த்தவனுக்கு அது புரியவில்லை பார்.

குழுக் கூட்டத்தில் சண்டை நடந்தது, நடக்கவில்லை என்று சொன்னால் பொய். கணக்கு வாத்தியார் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். "நீங்க எழுதின போர்டு, நீங்க போட்ட விதி, நான் அதைக் காப்பாத்தினேன், இப்போ எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க" என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம், பழி என்னுடையது என்று குறிப்பேட்டில் எழுதச் சொன்னேன். பிறகு அவர், "விதியே இல்லன்னா சபை சந்தைக்கடை ஆயிடும், இன்னைக்கு ரொட்டிக் கடை, நாளைக்கு எதைத் திறப்பீங்க" என்று கேட்டார். அதற்கு நான் உன் கேள்வியைத்தான் பதிலாகச் சொன்னேன், என் மகள் எழுதியது என்று சொல்லியே சொன்னேன். நான் விதியை வெறுக்கிறவன் இல்லை, லிஃப்ட் வேலையில் ஒவ்வொரு விதியும் யாரோ ஒருவர் விரலையோ உயிரையோ கொடுத்து எழுதியது, அன்றைக்குக்கூட சுவிட்சைப் பூட்டாமல் நான் சக்கரத்தைத் தொடவில்லை. ஆனால் பூட்டிவிட்டு, விதியைக் காப்பாற்றிவிட்டேன் என்று சொல்லி வீட்டுக்குத் திரும்பினால் உள்ளே இருக்கிறவர் கதி என்ன? நான் ஆலயத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பூட்டுவதில் கெட்டிக்காரன், ஆளை வெளியே எடுத்தேனா என்று பார்த்ததில்லை. விசுவாசம் என்று நான் பேர் வைத்திருந்தது பாதிக்கு மேல் என் ஒழுங்கின்மேல் எனக்கிருந்த நம்பிக்கைதான். இதையெல்லாம் இவ்வளவு கோர்வையாகச் சொல்லவில்லை, திக்கித் திக்கித்தான் சொன்னேன், போதகர் நடுவில் இரண்டு தடவை தண்ணீர் கொடுத்தார்.

போர்டு போயிற்று. அதில் யாருக்கும் மறுப்பில்லை. பேக்கரிக்காரர் விஷயத்தில் அவர் மன்னிப்புக் கடிதம் எழுதித் தரட்டும் என்று நான்கு பேர், நாம்தான் அவருக்கு எழுத வேண்டும் என்று ஐந்து பேர். கடிதத்தை எழுதும் வேலை எனக்கே வந்தது, முன்பு எழுதியதைவிட இது கஷ்டமாக இருந்தது, மூன்று காகிதம் கிழித்தேன். கணக்கு வாத்தியார் மறுத்து ஓட்டுப் போட்டார், இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, ஆனால் போர்டைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர் கேட்டு என் வீட்டுக்குத்தான் வந்தார். பட்டியலை நான் போதகர் கையில் ஒப்படைத்துவிட்டேன், மூப்பர் பதவியை மட்டும் அவர் திருப்பி வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். போன வாரம் போதகர் திருவிருந்தை அந்த ஐந்தாவது மாடிக்கே எடுத்துப் போனார், நானும் உன் அம்மாவும் கூடப் போனோம், லிஃப்டில்தான் போனோம், உன் அம்மா ஏறியதும் அதன் சுவரைத் தட்டிக்கொடுத்தாள். எல்லாம் முடிந்து ஜெபித்துவிட்டு எழுந்தபோது பேக்கரிக்காரர் என் காதருகே, "ரொட்டி எந்தக் கடை? உப்பு பத்தல" என்றார். மனுஷன் தேறிவிடுவார் என்று எனக்கு அப்போது நம்பிக்கை வந்தது.

நேற்றைய ஞாயிற்றைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பொது ஜெபம் மறுபடியும் என் முறை. குறிப்புக் காகிதம் இல்லாமல் போனேன். இன்றைக்கு வேலைக்குப் போயிருக்கிறவர்களுக்காக ஜெபிக்கலாம், உங்கள் வீட்டில் யார் இருந்தாலும் சொல்லுங்கள் என்றேன். பதினாறு வருடத்தில் அப்படியொரு ஜெபத்தை நான் செய்ததில்லை, அவர்களையெல்லாம் வராதவர்கள் என்ற பட்டியலில்தான் வைத்திருந்தேன். பிறகு ஒரு பெண் எழுந்து, "என் வீட்டுக்காரர், பஸ் டிரைவர்" என்றாள். "என் தம்பி, மின்சார நிலையம்" என்றது ஒரு குரல். "என் மருமகள், ஐசியூ நர்ஸ்." "எங்க அப்பா, தண்ணி லாரி." எட்டுப் பத்துப் பேர் சொன்னார்கள், இவ்வளவு பேர் வெளியே நின்று நம்மைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. கடைசியில் நான், "என் மகள், லிஃப்ட் மெக்கானிக்" என்றேன். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்துகொண்டது, அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. உடனே ஜன்னலோரத்திலிருந்து, கண்ணைத் திறந்துகொண்டேதான், உன் அம்மா உரக்கத் திருத்தினாள்: "நம்ம மகள்." சபை முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்துக்கொண்டே திருத்திச் சொன்னேன்.

உன் போக்கும் வரத்தும், கையும் காலும் பத்திரமாக இருக்கட்டும், நீ திறக்கிற ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஆள் உயிரோடு இருக்கட்டும், ஆண்டவர் உன்னைவிட ஒரு படி முன்னால் இறங்கட்டும். உனக்கு ஓய்வு எந்தக் கிழமையோ அந்தக் கிழமையில் நன்றாக ஓய்வெடு, அன்றைக்குத் துணி துவைக்கிறேன் என்று உட்கார்ந்துவிடாதே. கையுறை கிழிந்தால் தைத்துப் போடாமல் புதிது வாங்கு, கிரீஸ் கையால் கண்ணைத் தேய்க்காதே, இதை எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன்.

உன்னை நினைத்துத் தலைநிமிர்ந்து நடக்கிற,
அப்பா
(அம்மாவின் முத்தங்கள் எண்ணிக்கையில் அடங்காததால் தனியாக எழுதவில்லை)